சீத்தாக்கொட்டைத் தண்ணீர்

அண்ணாமலை நகர்
14-7-1963

அன்புத் தங்கை விருத்தாம்பாளுக்கு அண்ணன் கொளஞ்சியப்பன் எழுதுவது. நானும் உன் அண்ணி ரத்தினம்மாளும் சுகமாக இருக்கிறோம். ராஜமாணிக்கம் கீரப்பாளையம் பிளாக் ஆபீசுக்கு சைக்கிளில் போய் வருகிறான். மச்சானுக்குத் துறைமுகத்தில் வேலை தொடர்ந்து இருக்கிறதா? மலர்க்கொடி எப்படி இருக்கிறாள்? இதை உனக்குப் படித்துக் காட்டப்போகிறவளே அவள்தான், அவளுக்கும் சேர்த்தே நலம் விசாரித்துவிட்டேன்.

ராஜமாணிக்கம்-மலர்க்கொடி கல்யாணத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் உன் அண்ணி. பையனைக் கேட்டேன். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு மூன்று நாளாக ஒழுங்காகத் தலை வாரிக்கொண்டு போகிறான். ஆகவே அவனுக்கும் இஷ்டம்தான்.

இப்போது வேறு ஒரு காரியம். எங்கள் ஜுவாலஜி டிபார்ட்மெண்டில் நஸ்ருதீன் என்று லால்பேட்டைக்காரர் ஒருவர் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறார். செடிகொடிகளின் சாற்றை வைத்துக் கொசுப்புழுவைக் கொல்ல முடியுமா என்று பார்க்கிறார். நொச்சி, தும்பை, எருக்கு, ஊமத்தை, சீத்தாக்கொட்டை எல்லாவற்றையும் அரைத்து ஊறவைத்து வடிகட்டிக் கொடுப்பது அட்டெண்டரான என் வேலை. ஒவ்வொரு கண்ணாடிக் குவளையிலும் இருபத்தைந்து புழு எண்ணி விடுவோம். மற்றதெல்லாம் சுமார். சீத்தாக்கொட்டை போட்ட குவளையில் மட்டும் மறுநாள் காலை இருபத்துமூன்று செத்துக் கிடந்தன. அவர் என் தோளில் தட்டினார். நான்தான் அரைத்தேன் என்று எனக்கும் கொஞ்சம் பெருமை.

ஆனால் குவளைத் தண்ணீர் வேறு, சாக்கடை வேறு. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு சாக்கடையில்தான் முட்டையிடுகிறது. "ஊர்ச் சாக்கடையில் யாராவது போட்டுப் பார்த்துச் சொன்னால் தேவலை" என்றார். எனக்கு உன் வீட்டுக் கொல்லைப்புறம் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளாதே. செய்ய முடியுமா என்று எழுது.

அன்புள்ள அண்ணன்,
கொளஞ்சியப்பன்

---

கடலூர் முதுநகர்
28-7-1963

அண்ணனுக்கும் அண்ணிக்கும் விருத்தாம்பாளின் வணக்கம். சொல்வது நான், எழுதுவது மலர். இங்கே எல்லாரும் சௌக்கியம். மலருக்குப் போன வாரம் இரண்டு நாள் ஜுரம் அடித்தது. கஷாயம் வைத்துக் கொடுத்ததில் விட்டுவிட்டது.

என் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு யூனிவர்சிட்டி வரைக்கும் பேர் போயிருக்கிறது என்று கேட்டு உன் மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். நீ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பதினெட்டு வீட்டுக் கழிவுத் தண்ணீரும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வந்துதான் நிற்கிறது. கொசுவுக்கு எண்ணெய் தெளிக்கிற முனிசிபல் ஆள் மாசத்துக்கு ஒரு தரம் வந்தால் அதிசயம். சாயங்காலம் ஆனால் நொச்சி இலையைப் போட்டுப் புகை மூட்டுகிறோம். புகை இருக்கிறவரை கொசு வெளியே நிற்கிறது, பிறகு நாங்கள் இருமிக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்துவிடுகிறது.

எங்கள் வரிசையிலேயே நாலு பேருக்கு யானைக்கால். மருந்தை அனுப்பு, போட்டுப் பார்க்கிறேன். எனக்குக் கூலி வேண்டாம். தூங்கினால் போதும்.

கல்யாணம் தையில் என்றால் எங்களுக்குச் சம்மதம்.

உன் தங்கை,
விருத்தாம்பாள்

மாமா, இது நானாக எழுதுவது. புழுவை எண்ணுவது எப்படி என்று எழுதுங்கள். ஓடிக்கொண்டே இருக்கிறதே! - மலர்க்கொடி

---

அண்ணாமலை நகர்
25-8-1963

தங்கைக்கும் மலர்க்கொடிக்கும் ஆசிகள். நீங்கள் மூவரும் நலமென்று நம்புகிறேன். உன் அண்ணிக்கு முழங்கால் வலி, மற்றபடி குறை இல்லை.

பரங்கிப்பேட்டை ஆள் ஒருவர் மூலம் பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். உள்ளே இருப்பது சீத்தாக்கொட்டைத் தூள். ஒரு கைப்பிடி தூளைத் துணியில் முடிந்து, ஒரு குடம் தண்ணீரில் ராத்திரி போட்டுவை. காலையில் நன்றாகப் பிழிந்து எடுத்துவிட்டு, துளி சோப்புத் தண்ணீர் கலந்து சாக்கடையில் பரவலாக ஊற்று.

மூன்று விஷயம் கண்டிப்பு. கிணற்றுப் பக்கம் கொண்டுபோகாதே. மீன் இருக்கும் குளத்தில் ஊற்றாதே, மீன் செத்துவிடும். கையால் தொட்டுவிட்டுக் கண்ணைத் தேய்க்காதே, கண்ணே போய்விடும் என்று நஸ்ருதீன் தம்பி மூன்று தரம் சொன்னார்.

மலர்க்கொடிக்கு: எண்ணுவதற்குச் சாம்பார்க் கரண்டி போதும். பத்து இடத்தில் முகந்து, ஒவ்வொரு கரண்டியையும் வெள்ளைப் பீங்கானில் ஊற்றி எண்ணு. ஊற்றுவதற்கு முன் ஒரு தரம், மறுநாள் ஒரு தரம், எட்டாம் நாள் ஒரு தரம். அந்தக் கரண்டியை மறுபடி அடுப்படிக்குக் கொண்டு போனால் உன் அம்மா எனக்குக் கடிதம் எழுதுவதையே நிறுத்திவிடுவாள்.

அன்புடன்,
கொளஞ்சியப்பன்

---

கடலூர் முதுநகர்
15-9-1963

அண்ணனுக்கு விருத்தாம்பாள் வணக்கம் சொல்லி எழுதுவது. அண்ணிக்கு முழங்கால் தேவலையா? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

உன் மருந்து வேலை செய்கிறது. கணக்கு மலர் எழுதுவாள், எனக்கு அந்தப் பீங்கானைப் பார்த்தாலே குமட்டுகிறது. நான் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனதும் எதிர் வீட்டு சைதுன் பீவி, "என்னா விருத்தாம்பா, சாக்கடைக்கு அபிஷேகமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் அவளே வந்தாள். "ராத்திரி புள்ள அழுவாம தூங்குது. எங்க பக்கமும் ஒரு கொடம் ஊத்து." நான் சொன்னேன், "ஊத்தறேன். சீத்தாப்பழம் தின்னுட்டுக் கொட்டைய எறியாம எனக்குக் குடு." இப்போது பத்து வீட்டுப் பெண்கள் கொட்டை சேர்க்கிறார்கள். செஞ்சிப் பக்கத்துப் பழம் கூடை கூடையாக வருகிற காலம், குறையில்லை. பழக்கடைக்காரன் அழுகினதைச் சும்மாவே கொடுத்துவிடுகிறான்.

அன்புள்ள,
விருத்தாம்பாள்

மாமா, கணக்கு: ஊற்றுவதற்கு முன் பத்துக் கரண்டியில் நானூற்றுப் பன்னிரண்டு. மறுநாள் முப்பத்தொன்று. எட்டாம் நாள் மறுபடி நூற்றுத் தொண்ணூறு. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் ஊற்றுகிறோம். நடுவில் ஒரு பெரிய மழை பெய்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது, அந்த வாரக் கணக்கை விட்டுவிட்டேன். சரிதானே? - மலர்

---

அண்ணாமலை நகர்
6-10-1963

அன்புத் தங்கைக்கும், கணக்கெழுதும் மலர்க்கொடிக்கும் கொளஞ்சியப்பன் ஆசி. மச்சானை விசாரித்ததாகச் சொல்லவும். நாங்கள் நலம். அண்ணிக்கு ஒத்தடத்தில் வலி குறைந்திருக்கிறது.

மலர்க்கொடியின் கணக்கை நஸ்ருதீன் தம்பி நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார். மழை வாரத்தை விட்டதைப் படித்ததும், "இது யாரு, காலேஜில படிச்சவங்களா?" என்று கேட்டார். எட்டாவதோடு நிறுத்திவிட்டோம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. என் மருமகளாக வரப்போகிற பெண் என்று மட்டும் சொன்னேன்.

ராஜமாணிக்கத்தோடு வேலை பார்க்கும் அய்யனார் என்பவர் வீட்டில் ஒரு கல்யாணம் நின்றுபோயிற்று. தம்பிக்குப் பேசியிருந்த பெண்ணுக்குக் காலில் லேசாக வீக்கம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உன் அண்ணி, "நல்லவேளை, தாலி கட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிது. வூட்டுக்கு வர்றவளோட நோயும் சேந்து வந்தா என்னா பண்றது?" என்றாள். நானும் ஆமாம் போட்டேன். ஊரில் இந்த நோய் இவ்வளவு இருக்கும்போது நம் மலர்க்கொடி செய்கிற வேலை எவ்வளவு பெரிய வேலை என்பதற்காகச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு மூன்று பேரும் வந்துவிடுங்கள்.

கொளஞ்சியப்பன்

---

கடலூர் முதுநகர்
10-11-1963

மச்சான் அவர்களுக்கு கோவிந்தசாமி வணக்கம்.

மலருக்கு ஜுரம். அதனால் நான் எழுதுகிறேன். தீபாவளிக்கு வருவதற்கில்லை. பயப்பட ஒன்றுமில்லை. கடலில் காற்று பலமாக இருப்பதால் படகு வேலை ஒரு வாரமாக நின்றிருக்கிறது. வீட்டில்தான் இருக்கிறேன். நீங்கள் புறப்பட்டு வர வேண்டாம்.

அக்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு.

கோவிந்தசாமி

---

கடலூர் முதுநகர்
1-12-1963

அண்ணனுக்கு விருத்தாம்பாள் நமஸ்காரம். உன் இரண்டு கார்டும் கிடைத்தன. பதில் போட நாளாகிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே. மலருக்கு ஜுரம் விட்டுவிட்டது. வீட்டில் எல்லாரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

மார்கழித் தரிசனத்துக்குச் சிதம்பரம் வரச் சொல்லி எழுதியிருந்தாய். வர முடியாது போலிருக்கிறது. தூளை இடிக்கும்போது மலருக்குக் கண்ணில் பட்டுவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறோம். வெளிச்சம் பார்க்கக் கூடாது.

எதிர் வீட்டு சைதுன் பீவி ஒரு சந்தேகம் கேட்கிறாள். அவள் உறவுப் பெண் ஒருத்திக்கு ஜுரமும் குளிரும் வந்து, தொடையிடுக்கில் நெறி கட்டி, பிறகு பாதம் கொஞ்சம் உப்பிக்கொண்டதாம். சாக்கடையில் இருக்கிற புழுவைக் கொல்ல மருந்து இருக்கிறதே, உடம்புக்குள் போய்விட்ட புழுவுக்கு என்ன செய்வது? அது குணமாகுமா? ஒருவரிடமிருந்து கூட இருப்பவருக்கு ஒட்டுமா? பிள்ளைக்கு வருமா? நஸ்ருதீன் தம்பியைக் கேட்டு எழுதினால் அவளுக்கு உதவியாக இருக்கும்.

உன் தங்கை,
விருத்தாம்பாள்

---

அண்ணாமலை நகர்
11-12-1963

தங்கை விருத்தாம்பாளுக்கு அண்ணனின் ஆசி. உடம்பு எல்லோருக்கும் எப்படி இருக்கிறது என்பதை ஒளிக்காமல் எழுது.

கண்ணில் கட்டு என்கிறாய். கடிதமோ மலர்க்கொடியின் கையெழுத்தில் இருக்கிறது, ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. கட்டு அவிழ்த்த பிறகு எழுதினாளா? கண் விஷயம் விளையாட்டல்ல, டாக்டரிடம் காட்டுங்கள்.

சைதுன் பீவி கேட்டதற்குப் பதில். நஸ்ருதீன் தம்பி தெரிந்த டாக்டர் ஒருவரைக் கேட்டுச் சொன்னார். செடிச்சாறு சாக்கடையோடு சரி, ஒரு சொட்டுகூட வாயில் படக்கூடாது. உடம்பில் இருப்பது கொசுப்புழு அல்ல, கொசு கடிக்கும்போது உள்ளே போகும் வேறு புழு; அதற்கு மாத்திரை இருக்கிறது. ஆரம்பத்திலேயே சாப்பிட்டு, காலைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் வீக்கம் இறங்கவும் இறங்கும், இறங்காவிட்டாலும் ஏறாமல் நிற்கும். ஒருவரைத் தொட்டால் ஒட்டாது, பிள்ளைக்கு வயிற்றிலேயே வருவதுமில்லை. கொசு கடித்துத்தான் வர வேண்டும். அந்தப் பெண்ணை ஊரார் பார்ப்பார்களே என்று வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம், வைத்துக்கொண்டால்தான் கெடுதல் என்று அவளிடம் சொல்.

தை இருபத்துமூன்று முகூர்த்தம். அண்ணி மருமகளுக்கு வெள்ளிக் கொலுசு செய்யச் சொல்லப்போகிறாள். மலர்க்கொடியின் கணுக்காலைச் சுற்றி நூல் பிடித்து அளவு அனுப்பச் சொன்னாள். மறக்காதே.

கொளஞ்சியப்பன்

---

கடலூர் முதுநகர்
18-12-1963

அன்புள்ள மாமாவுக்கு மலர்க்கொடி வணக்கத்துடன் எழுதுவது. இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. நானே தபால் பெட்டியில் போடுகிறேன்.

இதில் இரண்டு நூல் வைத்திருக்கிறேன். அம்மா வலது காலுக்கு மட்டும் அளவெடுத்தாள். முடிச்சுப் போட்டிருக்கிற நூல் இடது கால். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் மேலே எழுத வேண்டியிருக்காது.

ஆனாலும் எழுதுகிறேன். ஆடியில் வந்தது முதல் ஜுரம். ஐப்பசியில் மறுபடி வந்தபோது பாதம் வீங்கியது. முதலில் காலையில் வடிந்துவிடும், இப்போது வடிவதில்லை. சைதுன் பீவிக்கு உறவுப் பெண் யாரும் இல்லை. கண்ணில் தூளும் படவில்லை. அம்மா சொன்னாள், நான் எழுதினேன். என் கையால் எழுதின பொய் ஆகையால் அதில் எனக்கும் பாதி இருக்கிறது.

அய்யனார் வீட்டுக் கல்யாணம் பற்றி நீங்கள் எழுதியிருந்தீர்கள் அல்லவா? அந்தப் பகுதியை மட்டும் அம்மாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. அத்தை சொன்னதையும், நீங்கள் ஆமாம் போட்டதையும் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அது தெரியாமலே அம்மா மறைத்தாள். தெரிந்திருந்தால் இன்னும் நன்றாக மறைத்திருப்பாள்.

"தாலி ஏறிடட்டும்டி. அப்பறம் எங்கண்ணன் உன்னை வுட்டுடுவானா?" என்கிறாள். விட மாட்டீர்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் அந்த வீட்டில் தினமும் புடவைக் கரையை இழுத்து விட்டுக்கொண்டு நடக்க வேண்டும் மாமா. என்னால் முடியாது.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் போகவில்லை. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அம்மாவுக்குப் பயம். வெள்ளிக்கிழமை மருந்து ஊற்றுவதை விடவில்லை. போன வாரம் பத்துக் கரண்டியில் இருபத்தாறு.

என்ன முடிவு செய்தாலும் சரி. அத்தைக்கும் ராஜமாணிக்கம் அத்தானுக்கும் தெரிந்தே செய்யுங்கள்.

மலர்க்கொடி

---

அண்ணாமலை நகர்
27-12-1963

மச்சான் கோவிந்தசாமிக்கு. நலம். தை முகூர்த்தம் இப்போது வேண்டாம் என்று இங்கே அபிப்பிராயம். விவரம் பிறகு எழுதுகிறேன்.

கொளஞ்சியப்பன்

---

கடலூர் முதுநகர்
5-1-1964

அண்ணனுக்கு விருத்தாம்பாள் சொல்லி, பக்கத்து வீட்டு டீச்சர் மலிகா எழுதுவது. நலத்துக்கு இங்கே ஒன்றும் குறைச்சலில்லை.

கார்டில் மூன்று வரி. அதையும் உன் மச்சான் பேருக்கு. தபால்காரர் வாசலில் நின்றே படித்துவிட்டார். நீ கல்யாணத்தை நிறுத்து, உன் பையன், உன் இஷ்டம். ஆனால் என்னைக் கூப்பிட்டு, "ஏண்டி மறைச்ச?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உன் கையால் ஒரு அறை வாங்கியிருந்தாலும் எனக்குத் தேவலை.

மலர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அடித்தேன். பிறகு அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பெற்றவளுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? எனக்குத் தெரிந்ததைத்தான் செய்தேன்.

மீதி இருக்கிற தூளைத் திருப்பி அனுப்புகிறேன். இனிமேல் என் சாக்கடையில் உங்கள் ஆராய்ச்சி வேண்டாம்.

விருத்தாம்பாள்

சார், எழுதிக்கொடுப்பவள் என்ற முறையில் ஒன்று: அவர்கள் தூளைக் கட்டி வைத்துவிட்டார்கள். ஆனால் மலர்க்கொடி வெள்ளிக்கிழமை என் வீட்டு உரலில் புதிதாக இடித்துக்கொண்டு போய் ஊற்றினாள். - மலிகா

---

அண்ணாமலை நகர்
8-2-1964

அன்புத் தங்கை விருத்தாம்பாளுக்கும், மச்சானுக்கும், மலர்க்கொடிக்கும் கொளஞ்சியப்பன் எழுதிக்கொள்வது. உங்கள் நலத்தை விசாரிக்கக்கூட எனக்கு இப்போது முகமில்லை. மலர்க்கொடி, இந்தக் கடிதத்தில் ஒரு வரி விடாமல் உன் அம்மாவுக்குப் படி.

உன் கடிதம் வந்த அன்று இரண்டு நூலையும் மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். அண்ணியிடம் காட்டினேன். அவள் அழுதாள், பிறகு, "நமக்கு இருக்கறது ஒரே புள்ள. வேணாங்க" என்றாள். டிபார்ட்மெண்டில் நான் கற்றுக்கொண்டதை எல்லாம் சொன்னேன், ஒட்டாது, பிள்ளைக்கு வராது என்று. நானே அரைமனதாகச் சொன்னதால் அவளுக்கு ஏறவில்லை. அந்தக் கார்டை எழுதியது நான்தான், அவள்மேல் பழி போட மாட்டேன்.

தை பிறந்த பிறகு நஸ்ருதீன் தம்பி எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையிலும் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். அந்தப் புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் வரும், அதனால் அவர் நோன்பு திறந்துவிட்டு, டாக்டரைக் கூட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கு மேல் வந்தார். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் விரலில் குத்தி எடுத்தார்கள். எனக்கு இல்லை. அண்ணிக்கு இல்லை. ராஜமாணிக்கத்துக்கு இருந்தது. ஒரு சொட்டில் பதினோரு புழு. கண்ணாடியில் நானே பார்த்தேன். மைக்ராஸ்கோப்பைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

அவனுக்கு ஜுரம் இல்லை, நெறி இல்லை, கால் இரண்டும் பழுதில்லாமல் இருக்கின்றன. இருபத்தைந்து மைல் சைக்கிள் மிதிப்பான். டாக்டர் சொன்னார், "ரத்தத்துல புழு இருக்கறவங்களுக்குப் பெரும்பாலும் வெளியில ஒண்ணும் தெரியாது. ஆனா அவங்களைக் கடிக்கற கொசுதான் நாலு பேருக்குக் கொண்டுபோவும்." அண்ணி அவரிடம், "அவன் கால் நல்லாத்தான சார் இருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

இனிமேல் எழுதப்போவதுதான் கஷ்டம். மறுநாள் அவள் என்னிடம், "இத இப்ப சொன்னா யாரு பொண்ணு குடுப்பாங்க? விருத்தாம்பா பொண்ணையே கட்டிக்கலாம். அவங்களுக்கும் கொற இருக்கு, ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நம்ம பையன் விஷயத்த சொல்ல வேணாம்" என்றாள். நான் அவளைத் திட்டவில்லை. ஏனென்றால் அதே யோசனை எனக்கும் வந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு மூன்று வாரம் இருந்தேன். விருத்தாம்பா, நீ மறைத்தாய் என்று நான் கோபப்பட்டேனே, எனக்கு ஒரு பொழுதில் வந்துவிட்டது அந்தப் புத்தி.

நேற்று ராஜமாணிக்கம் என்னைக் கேட்டான், "கடலூருக்கு எழுதிட்டிங்களா?" இல்லை என்றேன். "அந்தப் பொண்ணு தன் காலப் பத்தி எழுதிச்சில்ல? நான் மட்டும் மறைச்சிக்கிட்டு இருக்கணுமா?" என்றான். இன்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அவன் மாத்திரை சாப்பிட ஆரம்பித்துவிட்டான். சம்பந்தம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிற யோக்கியதை எங்களுக்கு இல்லை. சொல்ல வேண்டியது நீங்கள். சம்பந்தம் எப்படிப் போனாலும் மலர்க்கொடியை உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தச் செலவு மாமன் என் பொறுப்பு.

கொளஞ்சியப்பன்

---

கடலூர் முதுநகர்
25-2-1964

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் மலர்க்கொடி வணக்கம். இங்கே அப்பா, அம்மா நலம். என் உடம்பைப் பற்றி இந்தத் தடவை நிஜத்தையே எழுதலாம்.

உங்கள் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். பழைய கடிதத்தில் நான் விட்ட பகுதியையும் எடுத்துப் படித்தேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். முடித்ததும், "ரத்தம் பூரா புழு வெச்சிருக்கறவனுக்கா என் பொண்ணு?" என்று ஒரு சத்தம் போட்டாள். "உனக்குக் கால் ஒண்ணுதான். மத்தபடி உன் ரத்தத்துல என்னா இருக்கு?" என்றாள். அப்பா மெதுவாக, "அதயும் பாத்துடலாமே" என்றார். மறுநாள் ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கொடுக்கப் போனோம். தெரு முழுக்கப் பார்த்தது. சைதுன் பீவி, "எங்க போறிங்க?" என்றாள். அம்மா, "மலரு கால காட்டத்தான்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். சைதுன் பீவி செருப்பை மாட்டிக்கொண்டு தானும் கூடவே வந்தாள். அவளுக்கும் ஒரு வருஷமாகக் கால் கனக்கிறதாம். இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை.

என் ரத்தத்தில் புழு இல்லை மாமா. ஆனால் வீக்கம் அதனால் வந்ததுதான் என்றார் டாக்டர். ஆரம்பம்தான், மாத்திரை சாப்பிடு, தினம் சோப்புப் போட்டுக் கழுவு, தூங்கும்போது காலை உயர்த்தி வை, வெறுங்காலில் நடக்காதே என்றார். பத்து நாள் ஆகிறது. நூலளவு குறைந்தாற்போல் எனக்குத் தெரிகிறது, அம்மாவுக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரமாக அம்மா கல்யாணப் பேச்சை எடுக்கவே விடவில்லை. முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை காலைப் பாசஞ்சரில் உங்கள் மகன் வந்தார். உங்களுக்குச் சொல்லிவிட்டு வந்தாரோ இல்லையோ தெரியாது, அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா உட்காரச் சொல்லவில்லை. அவரே பாயை விரித்து உட்கார்ந்தார். "அத்த, என் ரத்தத்துல இருக்கறத மறைக்க வேணாம்னுதான் அப்பாவ எழுதச் சொன்னேன். மாத்திர ஒரு சுத்து முடிஞ்சிது. மறுபடி பாத்தாங்க, பதினொண்ணு ரெண்டாயிருக்கு. இன்னும் ஒரு சுத்து சாப்பிடணும். நீங்க வேணாம்னா எந்திரிச்சிப் போயிடறேன்" என்றார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். அன்று வெள்ளிக்கிழமை இல்லை என்றாலும் மருந்துக் குடம் கொல்லைப்புறத்தில்தான் இருந்தது. அவர் எழுந்து போய்ச் சாக்கடையைப் பார்த்தார். "கீரப்பாளையத்துல நான் பாத்து வெச்சிருக்கற வூட்டுக்குப் பின்னாலயும் இப்படி ஒண்ணு இருக்கு. தெனம் அங்க போய் வர்றது கஷ்டம்னுதான் வூடு பாத்தேன். அத மூடாம அங்க குடி போவக் கூடாது" என்று அப்பாவிடம் சொன்னார். பேச்சு அவ்வளவுதான். கல்யாணம் நடக்கப்போவது மாதிரியும் பேசவில்லை, நடக்காது என்பது மாதிரியும் பேசவில்லை.

திரும்பி உள்ளே வந்து என்னிடம், "மலரு, கால நான் பாக்கலாமா?" என்றார்.

அம்மா குறுக்கே வர எழுந்தாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மணையில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்தேன். இந்த நாலு மாதத்தில் டாக்டரைத் தவிர வேறு ஒருவர் முன்னால் புடவைக் கரையை ஏற்றியது அன்றுதான். அவர் குனிந்து பார்த்தார். இடது பாதத்தின்மேல் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். குழி விழுந்து, நிரம்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நிரம்புகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"எனக்கும் எங்கயும் வலிக்கல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். அம்மாதான் அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வைகாசியில நாள் பாக்கச் சொல்லு உங்கப்பாகிட்ட. இந்தத் தடவ கார்டுல எழுத வேணாம், நேரா வந்து சொல்லச் சொல்லு" என்றாள்.

வாருங்கள் மாமா. அத்தையையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

மலர்க்கொடி